மாயமும் மனசும் சேர்ந்த நாவல்கள்: இந்த வருடம் படித்தவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடக் கடைசி வந்தால் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "இந்த வருஷம் நல்லதா என்ன படிச்ச?" தண்டையார்பேட்டையில் எதிர் வீட்டு அக்கா கேட்கிறார், வேலை செய்யும் இடத்தில் கேட்கிறார்கள், பழைய கல்லூரி நண்பர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். இந்த வருடம் பெரும்பாலும் மாயம் கலந்த நாவல்களையே தேடித் தேடிப் படித்தேன், சிலவற்றை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதனால் கேள்விகளும் அதைச் சுற்றியே வந்தன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கதையின் முடிவையும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

மாயம் உள்ள நாவல் என்றால் பேய்க்கதையா? மந்திரவாதிக் கதையா?

பேய் வரலாம், மந்திரவாதியும் வரலாம், ஆனால் அவர்கள் வந்தால் மட்டும் போதாது. நான் ஒரு நாவலை எடுத்ததும் பார்ப்பது, அந்த மாயம் யாருக்காக நடக்கிறது என்பதைத்தான். ஒருத்தருக்குப் பசி, ஒருத்தருக்குப் பிரிவு, ஒருத்தருக்குச் செத்துப்போன அம்மாவிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, இப்படி ஏதோ ஒரு தீராத குறை இருந்து அதற்குப் பதிலாக மாயம் வந்தால் நான் அதை உடனே நம்பிவிடுகிறேன், மரம் பேசினாலும் சரி, மனுஷன் பறந்தாலும் சரி. யாருக்கும் எதுவும் தேவைப்படாமல் பக்கத்துக்குப் பக்கம் அற்புதம் மட்டும் நடந்துகொண்டே இருக்கும் புத்தகங்களும் உண்டு. அவற்றில் ஐம்பது பக்கம் தாண்டுவதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வடசென்னையில் இருந்துகொண்டு இந்த மாதிரிக் கதைகளா? இங்கே எல்லாம் நிஜ வாழ்க்கைக் கதைதானே எடுபடும்?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. வடசென்னை என்றாலே கத்தி, ரத்தம், குத்துச்சண்டை, துறைமுகம் என்று வெளியில் இருப்பவர்கள் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்லும் கதைகளைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் ராமலிங்க வள்ளலார் அண்ணன் வீட்டில் இருந்த காலத்துக் கதை ஒன்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அவர் தினமும் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய் நடந்தே வருவார். ஒருநாள் ராத்திரி ரொம்ப நேரமாகிவிட்டது, கதவு சாத்தியிருந்தது, தூங்குகிறவர்களை எழுப்ப மனம் வராமல் பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்து எழுப்பி இலையில் சோறு கொடுத்தார், சாப்பிட்டுப் படுத்தார். அப்புறம் கதவு திறந்தது, அண்ணி வந்து "சாப்பிடாமல் படுத்துவிட்டாயே, எழுந்து வா" என்றார். அப்படியானால் முதலில் வந்தது யார்? திருவொற்றியூர்க் கோயிலின் வடிவுடையம்மன் என்கிறது ஊர்.

இந்தக் கதையில் வானம் பிளக்கவில்லை, இடி இடிக்கவில்லை. ஒரு தாயார் தெய்வம், பசித்த பிள்ளைக்குச் சோறு போட வேறு ஒருத்தியின் முகத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறாள், அவ்வளவுதான். அவள் எடுத்துக்கொண்ட முகம் அண்ணியின் முகம் என்பதை கவனியுங்கள். அந்த வீட்டில் அவருக்குச் சோறு போடுகிறவர் அண்ணிதான், அதனால் அந்தப் பையன் கூச்சப்படாமல் சாப்பிடுவான். மாயக் கதை எழுத வேண்டிய முறை மொத்தமும் இதில் இருக்கிறது.

அதே திருவொற்றியூரில்தான் சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ள, "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தது. சன்னதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே என்று, "நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய் இரும்" என்று சிவனிடமே கேட்டு வைத்தார். சிவன் சரி என்று சொல்லிவிட்டு சங்கிலியாரின் கனவில் போய், "மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். பெரியபுராணத்தில் இருக்கிற கதை. நண்பன், கடவுள், காதலி, பொய்ச் சத்தியம், கடைசியில் அந்தச் சத்தியத்தை மீறிக் கிளம்பியதும் கண்பார்வை போவது, எல்லாம் இருக்கிறது. இதைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு மாயக் கதையை யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, இந்த வருடம் படித்ததில் முதல் இடம் எதற்கு?

யோசிக்காமல் சொல்வேன், ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்'. மலையாளத்தில் 1969-இல் புத்தகமாக வந்தது, தமிழில் யூமா வாசுகி மொழிபெயர்த்திருக்கிறார், அந்த மொழிபெயர்ப்புக்குச் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. ரவி என்கிற படித்த இளைஞன், உள்ளுக்குள் பெரிய குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு, பாலக்காட்டுப் பக்கம் கசாக் என்கிற கிராமத்துக்கு ஓராசிரியர் பள்ளி வாத்தியாராக வந்து இறங்குகிறான். கதை என்று எடுத்துச் சொன்னால் இவ்வளவுதான்.

ஆனால் அந்த ஊர் எப்படி உண்டானது என்று அங்குள்ளவர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சையது மியான் ஷேக் ஆயிரத்தொரு குதிரைகளோடு வருகிறார். ஆயிரம் குதிரைகள் மறு இல்லாத வெள்ளைக் குதிரைகள், ஒன்று மட்டும் வயதாகி நோயில் விழுந்தது. ஷேக் ஏறிவருவது அந்த நோஞ்சான் குதிரையில்தான். ஏன் என்று கேட்டால், கிழட்டுக் குதிரைக்குத்தானே அவருடைய துணை வேண்டும் என்பார்கள். அந்தக் குதிரை இனி நடக்க முடியாது என்று ஆனபோது அதற்காக மொத்தப் படையும் அங்கேயே நின்றுவிட்டது, அப்படி நின்ற இடம்தான் கசாக். ஒரு ஊர் உருவாவதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வெற்றி பெற்ற இடத்தில் ஊர் கட்டுவார்கள், தங்கம் கிடைத்த இடத்தில் கட்டுவார்கள், இவர்கள் ஒரு குதிரை சாகும்வரை கூட இருப்பதற்காகத் தங்கியவர்கள்.

இன்னொரு இடம். மனிதர்கள், விலங்குகள் எதுவுமே தோன்றுவதற்கு முன்னால் இரண்டு உயிர்த்துகள்கள் அக்கா தங்கையாக நடந்து போகின்றன. ஒரு பள்ளத்தாக்கு வருகிறது. அக்காவுக்கு அந்த இடம் பிடித்துப்போய் இங்கேயே இருக்கிறேன் என்கிறாள், தங்கைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. என்னை மறந்துவிடுவாயா என்று அக்கா கேட்க, மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தங்கை போகிறாள். அக்கா வேர்விட்டுச் செண்பக மரமாகிறாள். யுகங்கள் கழித்து மை தீட்டிய கண்ணும் கொலுசுமாக ஒரு பெண் பூப்பறிக்க வந்து கிளையை வளைக்கிறாள், கிளை ஒடிகிறது, அப்போது மரம் அந்தப் பெண்ணிடம், தங்கையே என்னை மறந்துவிட்டாயே என்கிறது.

ஒன்றரைப் பக்கம்கூட இராது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன். என்ன விஷயம் என்றாள், ஒன்றுமில்லை, சாப்பிட்டியா என்றேன்.

சென்னையில் நடக்கிற மாயக் கதை ஏதாவது உண்டா?

எஸ். ராமகிருஷ்ணனின் 'யாமம்', 2007. வெள்ளைக்காரன் காலத்து மதராசப்பட்டணம். அப்துல் கரீம் என்ற அத்தர் வியாபாரி தயாரிக்கும் 'யாமம்' என்கிற அத்தர்தான் கதையின் நூல். இரவின் வாசனையையே குப்பியில் அடைத்தது போல ஒன்று, அதை முகர்ந்தவர்களுக்கு ஆசை கிளம்பிவிடும். பரம்பரையாக வரும் அந்த ரகசியத்தைக் கொடுத்துவிட்டுப் போக ஆண் வாரிசு இல்லையே என்ற ஏக்கம் கரீமுக்கு, அதற்காக மூன்று திருமணம். இன்னொரு பக்கம், சதாசிவப் பண்டாரம் ஒரு நாயின் பின்னால் நடக்கிறார். நாய் நின்றால் நிற்பார், படுத்தால் படுப்பார், எழுந்து போனால், அங்கே யார் அழுதாலும் சரி, விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த நாயின் பெயர் நீலகண்டம்.

இதே நாவலில் பத்ரகிரி என்பவர் லாம்டனின் நில அளவைக் குழுவில் வேலை பார்க்கிறார். இது வரலாறு, 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிப்படைக் கோடு ஒன்றை அளந்து தொடங்கி இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்தார்களே, அந்த வேலை. ஒரு பக்கம் நிலத்தை அங்குல அங்குலமாக அளக்கிறார்கள், இன்னொரு பக்கம் அளக்கவே முடியாத வாசனை ஒன்று வீடு வீடாகப் புகுந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் நாவலின் பெரிய பலம் என்று நினைக்கிறேன். குறை என்றால், எல்லாரும் ஒரே குரலில் சோகமாக இருக்கிறார்கள், நடுவில் யாராவது சிரித்தால் தேவலை என்று இருந்தது. ஆனாலும் மண்ணடிச் சந்துகளில் அத்தர்க் கடை தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இனி கரீம் ஞாபகம்தான் வரும்.

நாவல் இல்லை, சிறுகதைதான், ஆனாலும் சொல்லாமல் போனால் பாவம்: புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற முனையில் கந்தசாமிப் பிள்ளை நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கடவுள் வந்து சேர்கிறார், இரண்டு பேரும் காபி குடிக்கப் போகிறார்கள். அதில் எனக்குப் பிடித்த இடம் கந்தசாமிப் பிள்ளையின் சின்ன மகள் கடவுளோடு விளையாடும் இடம்தான். அவளுக்கு வந்திருப்பது கடவுள் என்பதில் ஒரு மரியாதையும் கிடையாது, ஒரு பயமும் கிடையாது. பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒருமுறை இதைப் படித்துவிட்டு அந்த இடத்தில் நின்று பாருங்கள்.

இதெல்லாம் லத்தீன் அமெரிக்க எழுத்தாளர் மார்க்கேஸைப் பார்த்து எழுதியதுதானே?

தமிழில் மார்க்கேஸ் பாதிப்பு உண்டு, அதை மறுக்க வேண்டியதே இல்லை. தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' அந்த வழியில் முன்னால் நடந்த நாவல், 1985. ஆனால் அதற்கு முன்பே, 1976-இல் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' எழுதிவிட்டார். அரசனின் ஆட்கள் துரத்த ஒரு குடும்பம் பெண்ணைக் காப்பாற்ற ஊரைவிட்டே ஓடி வருகிறது. முன்னால் ஆறு, பின்னால் துரத்துகிறவர்கள். அப்போது கரையில் நின்ற ஒரு மரம் ஆற்றின் மேல் வளைந்து கொடுக்கிறது, அதைப் பிடித்து ஏறிக் கடந்துவிடுகிறார்கள், மரம் நிமிர்ந்துவிடுகிறது. இதைச் சொல்வது நூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. கேட்கிறவர்கள் யாரும் "அதெப்படி மரம் வளையும்" என்று கேட்பதில்லை. கி.ரா. இதை எங்கிருந்தும் இறக்குமதி செய்யவில்லை, கரிசல் காட்டுப் பாட்டிகளிடம் கேட்டுத்தான் எழுதினார்.

மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' (மூலம் 1967) படிக்க வேண்டிய நாவல்தான், சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் தமிழாக்கியிருக்கிறார்கள். ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வருவதால் பலர் குழம்பி நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தாளில் வம்சாவளியை எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். பறக்கும் பெண்ணையும் மஞ்சள் பட்டாம்பூச்சிகளையும் எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்வது ரத்தத்தைப் பற்றி. மகன் செத்துப்போகிறான், அவனுடைய ரத்தம் ஒரு கோடாக வீட்டைவிட்டு வெளியே வந்து, தெருக்களில் திரும்பித் திரும்பி, அம்மாவின் வீட்டைத் தேடி வருகிறது. உள்ளே வந்ததும் விரிப்பில் கறை படக்கூடாது என்று சுவரோரமாக ஒதுங்கிப் போகிறது. ரொட்டிக்கு முட்டை உடைக்கப் போகிற அம்மாவின் சமையலறை வரை வந்துதான் நிற்கிறது. செத்த பிறகும் அம்மாவின் விரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிற பிள்ளை! அந்தச் சுவரோரம் ஒதுங்கும் ஒரு வரி இல்லை என்றால் இது வெறும் ஆச்சரியமாக மட்டும் இருந்திருக்கும்.

இந்த வகையில் இன்னொன்று, ஹுவான் ருல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ', 1955. எஸ். பாலச்சந்திரன் மொழிபெயர்ப்பு இருக்கிறது. சாகும் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக அப்பாவைத் தேடி ஒருவன் ஒரு ஊருக்குப் போகிறான், அந்த ஊரில் பேசுகிறவர்கள் எல்லாம் செத்தவர்கள். மெல்லிய புத்தகம்தான், ஆனால் வேகமாகப் படிக்க முடியாது. முதல் தடவை பாதிதான் புரியும், பரவாயில்லை, தொடருங்கள்.

அழ வைத்தது எது?

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', 2016. எங்கிருந்தோ வந்த ராட்சதன் மாதிரி உயரமான ஆள் ஒருவன், பிறந்து கண்கூடச் சரியாக விழிக்காத கறுப்புக் குட்டி ஒன்றை ஒரு கிழவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுகிற இனம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மாயம் என்று பார்த்தால் நாவலில் பெரிதாக அவ்வளவுதான். மற்றதெல்லாம் கிழவரின் மனைவியான கிழவியும் குட்டியும்தான். தாய் இல்லாத குட்டிக்கு எந்த ஆட்டிடம் பால் வாங்குவது, மற்ற குட்டிகள் முட்டித் தள்ளினால் என்ன செய்வது என்று கிழவி படும் பாட்டைப் படித்தால் ஆடு வளர்த்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இன்றும் வீட்டு வாசலில் ஆடு கட்டி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்புறம் அந்த ஊரில் ஆடுகளுக்குக் காது குத்திக் கணக்கெடுக்கும் அரசாங்கம் ஒன்று இருக்கிறது. கறுப்பு ஆடு என்றால் அதிகாரிகளுக்கு ஒரு சந்தேகம். கேள்வி கேட்டால் தொலைந்தோம் என்று வரிசையில் வாய்மூடி நிற்கும் ஜனங்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பிய விவகாரத்துக்கு அப்புறம் அவர் எழுதி வெளிவந்த நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், கடவுளைப் பற்றி எழுத இன்னும் பயம், அதனால் ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்கிற மாதிரி முன்னுரையில் சொல்லியிருப்பார். அந்த வலியோடு சேர்த்துப் படித்தால் வரிசைக் காட்சியெல்லாம் வேறு மாதிரித் தெரியும். பூனாச்சிக்கும் பூவன் என்கிற கிடாவுக்கும் இடையில் வரும் பாசம் சில பக்கங்கள்தான். மனிதர்களை வைத்து எழுதிய காதல் கதைகளில்கூட அந்தச் சில பக்கங்களுக்கு ஈடாக இந்த வருடம் நான் படித்ததில்லை.

ஆங்கிலத்தில் சுலபமாகப் படிக்கிற மாதிரி எதுவும் உண்டா?

டி.ஜே. க்ளூன் எழுதிய 'தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ', 2020. லைனஸ் பேக்கர் என்பவர் அரசாங்க ஊழியர், மாயசக்தி உள்ள குழந்தைகளின் விடுதிகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. மழையில் நனைந்துகொண்டே ஆபீஸ் போவார், விதிமுறைப் புத்தகத்தைக் கையைவிட்டுக் கீழே வைக்கமாட்டார். அவரை ஒரு தீவு விடுதிக்கு அனுப்புகிறார்கள். ஆறு குழந்தைகள். அதில் ஒரு பையன் சாத்தானின் மகன் என்கிறார்கள், ஆறு வயது. எனக்கு உயிர் சான்சி என்கிற பிள்ளை. அவன் என்ன வகை உயிர் என்றே யாருக்கும் தெரியாது, கண்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், கைகள் கடல்பிராணியின் கைகள். அவனுடைய ஒரே கனவு, ஓட்டலில் விருந்தாளிகளின் பெட்டி தூக்கும் வேலைக்குப் போவது. அவன் அதற்காகத் தொப்பி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களிடம் பெட்டியை வாங்கிக்கொள்ளும்போது சிரிப்பும் வரும், நெஞ்சும் கனக்கும். கதை எங்கே போகும் என்று முன்பே தெரிந்துவிடும், அதில் எனக்கு வருத்தம் இல்லை, போய்ச் சேரட்டும் என்றுதான் படித்தேன்.

கொஞ்சம் கனமாக வேண்டும் என்றால் சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி', இதுவும் 2020, அடுத்த வருடம் விமன்ஸ் பிரைஸ் என்கிற இலக்கிய விருது வாங்கியது. முடிவே இல்லாத மண்டபங்கள் கொண்ட ஒரு வீடு, மண்டபம் முழுக்கச் சிலைகள், கீழே கடல் ஏறி இறங்குகிறது, மேலே மேகம். அதில் பிரனேசி என்கிற ஒருவன் வாழ்கிறான், அலை எப்போது எந்த மண்டபத்துக்கு வரும் என்று நோட்டில் கணக்கு எழுதி வைக்கிறான். அங்கே கிடக்கும் எலும்புக்கூடுகளுக்குப் பூவும் தண்ணீரும் வைத்து, அவர்கள் தனியாக இருக்கிறார்களே என்று போய்ப் பேசிவிட்டு வருகிறான். அவனைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு ஆள் இருக்கிறான், அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனுடைய நல்ல மனசு தெரியத் தெரிய நமக்குப் பதற்றம் கூடிக்கொண்டே போகும். காசிமேட்டில் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், பிரனேசி கடலைப் பற்றிப் பேசும்போது அதே மரியாதை.

எல்லாரும் பேசுகிற அந்த ஜப்பான் காபிக்கடை நாவல் எப்படி?

தோஷிகாசு கவாகுச்சியின் 'பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்' நாவல்தானே. ஒரு காபிக்கடை, அங்கே ஒரு குறிப்பிட்ட நாற்காலி, அதில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போகலாம், காபி ஆறுவதற்குள் திரும்ப வேண்டும், என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. கற்பனை பிரமாதம். சொன்ன விதிகளையே திரும்பத் திரும்பச் சொல்வதால் எனக்கு அலுப்புத் தட்டியது. ஆனால் மறதி நோயால் மனைவியையே மறந்துகொண்டிருக்கும் கணவனின் கதைக்காக மட்டும் வாங்கலாம், அது நல்ல கதை.

'விஷ்ணுபுரம்' படித்துவிட்டீர்களா? ஆரம்பத்திலேயே அதை எடுக்கலாமா?

படித்திருக்கிறேன், இந்த வருடம் மறுபடியும் சில பகுதிகளைப் படித்தேன். ஜெயமோகனின் நாவல், 1997. மாபெரும் விஷ்ணு சிலை ஒன்று கோயிலுக்குள் படுத்திருக்கிறது, யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும் என்று நம்புகிறார்கள். அந்தக் கற்பனையின் அளவுக்குத் தமிழில் இணை கிடையாது. ஆனால் இதை முதல் மாய நாவலாக எடுக்காதீர்கள். தத்துவ விவாதங்கள் பக்கம் பக்கமாக வரும், பழக்கமில்லாதவர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். கி.ரா., பெருமாள்முருகன், அப்புறம் விஜயன் என்று போய்விட்டு இதற்கு வாருங்கள்.

என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, அவளுக்கு என்ன கொடுக்கலாம்? (எதிர் வீட்டு அக்கா)

அக்கா, 'பனி மனிதன்' வாங்கிக் கொடுங்க. அதுவும் ஜெயமோகன் எழுதியதுதான், ஆனா பிள்ளைங்களுக்காக எழுதினது. இமயமலையில பனிமனிதனைத் தேடிப் போற கதை, நடுவுல அறிவியலும் பௌத்தமும் வருது, எங்கயும் பாடம் நடத்தற மாதிரி இருக்காது. கூடவே 'குட்டி இளவரசன்', பிரெஞ்சிலிருந்து நேரடியாத் தமிழுக்கு வந்த புத்தகம். அதை அவ படிச்சு முடிச்சதும் நீங்களும் ஒருவாட்டி படிங்க. நரி பேசற அத்தியாயம் வரைக்குமாவது படிங்க.

சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் இதையெல்லாம் படிக்க முடியுமா?

தாராளமாக. எனக்குத் தெரிந்து மாயக் கதைகளை உயிராகப் படிக்கிற இரண்டு மூன்று பேர் பக்கா பகுத்தறிவுக்காரர்கள். கதைக்குள் மரம் வளைந்தது என்று நம்புவதற்கும் வெளியே நம்புவதற்கும் சம்பந்தமில்லை. பெண்ணைக் காப்பாற்ற ஓடிவந்தவர்கள் பிழைத்தார்கள், எப்படிப் பிழைத்தோம் என்று அவர்களுக்கே விளங்கவில்லை, அந்த நன்றியை வைக்க ஒரு இடம் வேண்டும், மரத்தின் மேல் வைத்தார்கள். அந்த நன்றி உண்மை. அதை உணர நம்பிக்கை தேவையில்லை.

புத்தகமெல்லாம் எங்கே வாங்குகிறீர்கள்? விலை அதிகமாக இருக்கிறதே?

அதிகம்தான். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது பத்து சதவீதம் தள்ளுபடியில் மொத்தமாக வாங்கிவிடுவேன். முன்பெல்லாம் நம் பக்கத்திலிருந்து அங்கே போய்வருவதே ஒருநாள் வேலை. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபின், திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் மாறாமல் நந்தனத்திலேயே இறங்கலாம். திரும்பும்போது பை கனமாக இருக்கும், அதற்கும் மெட்ரோதான் வசதி.

பழைய புத்தகத்துக்கு ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது, 1985-இல் தீயில் போனது. அதைப் பற்றிப் பேசினால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் கண்கலங்குகிறார்கள். சென்ட்ரலுக்கு அந்தப் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் தேடிப் பாருங்கள், பாடப்புத்தகங்களுக்கு நடுவில் எப்போதாவது நாவல் சிக்கும்.

காசே செலவழிக்க முடியாது என்றால் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். அங்கே இல்லாத புத்தகத்துக்கு எழும்பூர் கன்னிமாரா இருக்கிறது, 1896-இலிருந்து இருக்கிறது.

இவ்வளவும் படிக்க நேரம் எப்படி?

மெட்ரோவில் போகவும் வரவும், ராத்திரி எல்லாரும் படுத்த பின் கொஞ்ச நேரம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க ஓடும், அந்தச் சத்தத்தில்தான் எங்கள் பக்கம் எல்லாரும் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறோம், நாவலுக்கும் அது பழகிவிடும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், அது முக்கியம்.

அடுத்த வருடம் என்ன?

யுவன் சந்திரசேகரின் 'குள்ளச்சித்தன் சரித்திரம்' மேஜையில் இருக்கிறது. ஒரு சித்தர் பலருடைய வாழ்க்கையில் வந்து வந்து போகிற கதை, முன்பு எப்போதோ கொஞ்சம் புரட்டியிருக்கிறேன், முழுசாக உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்', 1986-இல் வந்தது. மியாசாகியின் படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், நாவல் வேறு மாதிரிப் போகும் என்கிறார்கள். உங்களிடம் இதில் வராத நல்ல நாவல் இருந்தால் சொல்லுங்கள். தமிழோ மலையாளமோ கன்னடமோ, மொழிபெயர்ப்பு இருந்தால் போதும். சொல்லும்போது கதையைச் சொல்லாதீர்கள், அதில் யாருக்கு என்ன குறை என்பதை மட்டும் சொல்லுங்கள், எடுத்துப் படித்துவிடுகிறேன்.